சி.எஸ். தலையில் கட்டிய பழி

ஊருக்கு ஊர் மரபு விதைத் திருவிழா நடக்கிறது, நல்ல காரியம். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக்கவுனியும் சாக்குப்பைகளில் வந்து இறங்குகின்றன, ஜனங்கள் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்கிறார்கள். அதன் பிறகு மேடை. மைக் பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒரு கட்டத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடும். 1960களில் அமெரிக்காக்காரன் சொன்னான், டில்லியில் இருந்த மந்திரி தலையாட்டினார், நம் விதை போச்சு, மண் போச்சு, சோற்றில் விஷம் ஏறியது. அந்த மந்திரியும் நம்ம ஊர்க்காரர்தான் என்று முடிக்கும்போது கூட்டத்தில் ஒரு முனகல் எழும். பெயரைச் சொல்லாமல் விட்டாலும் ஆள் யாரென்று தெரியும்: பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், சுருக்கமாக சி.எஸ்.

மேடையில் பேசியது பிறகு வாட்ஸப்பில் சுற்றுகிறது. இன்று தமிழில் பசுமைப் புரட்சி என்று தேடுகிற ஒரு கல்லூரி மாணவனுக்கு முதலில் கிடைப்பது இந்தக் கதைதான். பாரத ரத்னா வாங்கிய ஒரு அமைச்சர், அவர் மாநிலத்திலேயே, பிள்ளைகளின் தட்டில் விஷம் வைத்தவராக ஆகிவிட்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் நேர்மையானவர்கள், மண்ணை நேசிப்பவர்கள். கதை மட்டும் பொய்.

முதலில் கப்பல் கணக்கைப் பார்த்துவிடலாம். 1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி உணவு, வேளாண்மை இலாகாவைக் கொடுத்தபோது சி.எஸ். எஃகுத் துறையில் இருந்தார். உணவு இலாகா என்றாலே அரசியல்வாதிகள் பின்வாசல் வழியாக ஓடிய காலம் அது; அங்கே போனவருக்கு வசவைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. நாட்டுக்குத் தேவையான தானியத்தில் ஒரு பகுதி பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1960இல் அன்றைய உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் போட்ட ஒப்பந்தம் மட்டும் நாலு வருடத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டன். ரூபாயில் காசு கொடுத்தால் போதும், டாலர் வேண்டாம் என்றதும் டில்லிக்கு அது சுகமாகப் பழகிவிட்டது. கோதுமை வருகிறது, விலை ஏறவில்லை, தொழிற்சாலைகளைக் கட்டலாம். விவசாயத்தில் பணம் போடுவானேன்?

1965–66இல் மழை பொய்த்தது. முந்தைய வருடம் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி 7.2 கோடியாக விழுந்தது. அடுத்த வருடமும் எழவில்லை, பீகாரில் பஞ்சம். 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் வெளியிலிருந்து வந்தது. வாரத்தில் ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமரே கேட்டார், திங்கட்கிழமை ராத்திரி ஹோட்டல்கள் அடைத்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து அமெரிக்க அதிபர் ஜான்சன் கயிற்றை இழுத்துப் பிடித்தார். நீண்டகால ஒப்பந்தம் கிடையாது, மாதத்துக்கு மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வியட்நாமில் குண்டு போடுவதைப் பற்றி இந்தியா வாய் திறந்தால் அடுத்த கப்பல் தாமதமாகும். துறைமுகத்தில் கப்பல் வந்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலையில் 48 கோடிப் பேர்.

அடிமைத்தனம் என்ற சொல்லைப் பயன்படுத்த ஆசைப்படுகிறவர்கள் இங்கே பயன்படுத்தலாம். அந்த அடிமைத்தனம் சி.எஸ். உருவாக்கியதல்ல, அவர் மேஜைக்கு வந்து சேர்ந்த பழைய பாக்கி. அதிலிருந்து வெளியே வர அவர் செய்ததைத்தான் இன்று அடிமைத்தனம் என்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் பிரதான ஆதாரம் ரோம். 1965 நவம்பரில் ரோமில் நடந்த உலக உணவு, வேளாண்மை நிறுவன மாநாட்டுக்குப் போன சி.எஸ்., அங்கே அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். விவசாயத்துக்கு முதலீட்டைக் கூட்டுவது, உரத்துக்கு அந்நியச் செலாவணி ஒதுக்குவது, உரத் தொழிலில் தனியார் மூலதனத்துக்கு இடம் கொடுப்பது. பார்த்தீர்களா, எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்கிறார்கள். அந்த உடன்பாட்டில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய ஒன்றரை வருடமாக அவர் அமைச்சரவையில் கேட்டுக் கேட்டு அலுத்தவை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. உரத்துக்கு டாலர் கேட்டபோது நிதியமைச்சர் மறுத்தார். அந்த நிதியமைச்சர் வேறு யாருமல்ல, டி.டி. கிருஷ்ணமாச்சாரி. விவசாயிக்கு விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றால், தொழிலாளி கூலி ஏறும், தொழில் வளர்ச்சி கெடும் என்று திட்டக் கமிஷன் கையை விரித்தது. நிலச் சீர்திருத்தமும் கூட்டுறவும் போதும் என்று இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் முழங்கினார்கள். தன் வீட்டில் கேட்டுக் கிடைக்காததை வெளியூர்க்காரனின் அவசரத்தைக் காட்டி வாங்கினார் அவர். கெட்டிக்காரத்தனம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். தலையாட்டல் என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தன் உபரிக் கோதுமையைக் கொட்ட ஒரு சந்தை வேண்டும் என்று நினைக்கிற நாட்டுக்கு, அந்தச் சந்தை தன் கோதுமையைத் தானே விளைவித்துக்கொள்வதில் என்ன லாபம்? சதி என்றால் பி.எல். 480 தொடர்வதுதான் சதிக்கு வசதி. 1964–65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை 1970–71இல் 2.4 கோடி டன்னை நெருங்கியது. அடுத்த சில வருடங்களில் அந்தத் திட்டத்தின் கப்பல்களுக்கு இங்கே வேலையில்லாமல் போயிற்று.

விதைக்கு வருவோம். கம்பெனி விதை, காப்புரிமை விதை, எடுத்து வைத்து மறுமுறை போட்டால் அதே விளைச்சல் தராத விதை என்று இன்றைய பி.டி. பருத்தியின் குணங்களை எல்லாம் 1966க்குக் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். வந்த லெர்மா ரோஹோ, சொனோரா 64 இரண்டும் மெக்ஸிகோவில் உருவான கோதுமை ரகங்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணமும் நார்மன் போர்லாக் என்ற அமெரிக்கரின் உழைப்பும் அதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. குட்டைத்தன்மை தந்த மரபணு ஜப்பானிலிருந்து வந்தது. கோதுமை தன் மகரந்தத்தில் தானே சூல்கொள்ளும் பயிர். விளைந்ததில் ஒரு மூட்டையை எடுத்து வைத்து அடுத்த வருடம் விதைக்கலாம். பஞ்சாப் விவசாயி அதைத்தான் செய்தார், பக்கத்து ஊருக்கும் விற்றார். சிவப்பு மணி, சப்பாத்திக்கு ஒத்துவராது என்று வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். நம் விஞ்ஞானிகள் அதே வித்துகளிலிருந்து அம்பர் நிற மணி கொண்ட கல்யாண் சோனாவையும் சோனாலிகாவையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். இதில் எந்தக் கம்பெனி யாரைக் கட்டிப்போட்டது?

அந்த விதை வந்து சேர்ந்த கதையை ஒருமுறை கேட்டால் சதி என்ற சொல் சிரிப்பை வரவழைக்கும். 1965இல் முதலில் வாங்கியது 250 டன். மெக்ஸிகோவிலிருந்து லாரிகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்துக்குப் புறப்பட்ட விதை, அந்த நகரில் வெடித்த கலவரத்தில் மாட்டித் தாமதமாயிற்று. கப்பல் ஏறிய பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கின. ஒருவழியாக வந்து விதைத்தால் முளைப்பு பாதிதான். பூச்சிக்குப் பயந்து கிடங்கில் மருந்துப் புகையை அதிகமாகப் போட்டுவிட்டிருந்தார்கள். விதையளவை இரட்டித்துச் சமாளித்தார்கள். இத்தனைக்கும் பிறகு அந்த வயல்கள் காட்டிய விளைச்சலைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் 18,000 டன் வாங்க சி.எஸ். முடிவெடுத்தார். அவ்வளவு விதையை ஒரே மூச்சில் எந்த நாடும் அதுவரை வாங்கியதில்லை. ஒரு பருவம் பொய்த்தால் அவர் அரசியலே முடிந்தது. டில்லியில் தன் அரசு பங்களாவின் புல்தரையை உழுது அந்தக் கோதுமையைப் போட்டார். வந்து போகிற எம்.பி.க்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று.

நம் மரபு விதைகளை வைத்தே பெருக்கியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம், பதில் வயலில் இருக்கிறது. அன்றிருந்த நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் நெட்டை ரகங்கள். இருக்கிற சத்தில் அவை நன்றாக நிற்கும். தழைச்சத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் தண்டு மேலும் நெடுநெடுவென்று ஓடும், கதிர் கனக்கும், பால் பிடிக்கிற சமயத்தில் காற்றோடு ஒரு மழை வந்தால் வயலே படுத்துவிடும். படுத்த கதிர் தண்ணீரில் ஊறி முளைவிட்டுப்போகும். அதாவது கூடுதலாகச் சாப்பாடு போட்டால் தாங்காத பயிர். குட்டை ரகம் தாங்கியது, வித்தியாசம் அவ்வளவுதான். தொழு உரம் போட்டாலும் இதே கதைதான், தவிர அந்தத் தொழு உரத்துக்கும் எங்கே போவது? சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நாடு இது. 1950–51இல் இந்தியாவில் எக்டேருக்குச் சராசரி அரிசி விளைச்சல் 668 கிலோ. செங்கல்பட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் பிரமாதமாக விளைந்தது என்று ஒரு பழைய கணக்கைக் காட்டுவார்கள். சில ஊர்களில் விளைந்திருக்கலாம். 36 கோடியாக இருந்த ஜனத்தொகை பத்து வருடத்தில் 44 கோடியானபோது சில ஊர்களின் களஞ்சியம் காணாது.

நம் விதை அடியோடு அழிக்கப்பட்டது என்பதிலும் பாதிதான் உண்மை. தஞ்சாவூர்க் குறுவையில் அன்று பரவியது ஆடுதுறை 27. ஜப்பானிய நெல்லையும் நம் கிச்சிலிச் சம்பாவையும் சேர்த்து ஆடுதுறையில் உருவாக்கிய ரகம். பின்னால் வந்த ஐ.ஆர். 20க்குத் தாய் தகப்பன் வழியில் ஒன்று நம் திரூரின் டி.கே.எம். 6. பெயரில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ரத்தத்தில் நம் ஊர். விவசாயி விட்டுவிட்ட பழைய ரகங்கள் ஏராளம், அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களுக்குக் கும்பிடு போடலாம். விட்டது விவசாயி, அதிகம் விளைந்ததைப் பார்த்து விட்டார். அவர் அறிவில்லாமல் ஏமாந்தார் என்று சொல்வது அவருக்குச் செய்கிற மரியாதை அல்ல.

இனி விஷம். இந்தக் குற்றச்சாட்டுத்தான் உணர்ச்சியைக் கிளறுவது, ஏனென்றால் பாதிப்பு கண் முன்னால் இருக்கிறது. பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. பட்டிண்டாவிலிருந்து பிகானேருக்குப் போகிற ரயிலுக்குப் புற்றுநோய் ரயில் என்றே பெயர் விழுந்தது. யூரியாவை அள்ளிப் போட்டு மண் சத்திழந்து கிடக்கிறது. இவற்றில் ஒன்றையும் மறுக்கவில்லை. தேதியை மட்டும் பார்ப்போம். 1966–67இல், அதாவது சி.எஸ். உணவு அமைச்சராக இருந்த கடைசி வருடத்தில், இந்தியா முழுக்கச் சேர்த்துப் பயன்படுத்திய ரசாயன உரச்சத்து சுமார் 11 லட்சம் டன். இப்போது 3 கோடி டன்னைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இடையில் யார் என்ன செய்தார்கள்? 1977இல் உரத் தொழிற்சாலைகளுக்கு உற்பத்திச் செலவை அரசே ஈடுகட்டும் முறை வந்தது. 1992இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு யூரியாவை மட்டும் மலிவாக வைத்தார்கள். 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோதும் யூரியாவைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. மற்றது விலை ஏற, யூரியா மூட்டை மலிவாகக் கிடைக்க, விவசாயி எதைப் போடுவார்? 1990களில் பஞ்சாபில் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். நம் ஊரில் அதற்கும் முன்னாலேயே. தண்ணீருக்கு விலையில்லை என்றானதும் வறண்ட பூமியில் நெல்லைப் போட்டார்கள். 1960களின் பஞ்சாபில் நெல் ஓர் ஓரப் பயிர். இன்று முப்பது லட்சம் எக்டேர். இந்த முடிவுகளில் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்ட முதலமைச்சர்கள், பிரதமர்கள் இருக்கிறார்கள், கட்சிகள் இருக்கின்றன. அவர்களைப் பேசினால் மேடை கிடைக்காது, ஓட்டு போகும். செத்துப்போன சி.எஸ். சௌகரியம்.

அவர் நிஜத்தில் கட்டியதைக் கதை சொல்கிறவர்கள் தொடுவதேயில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானி கீழே, ஐ.சி.எஸ். அதிகாரி மேலே என்றிருந்ததை மாற்றி, 1965இல் பி.பி. பால் என்ற பயிர் விஞ்ஞானியைத் தலைமை இயக்குநராக உட்கார வைத்தார். விளைபொருளுக்கு என்ன விலை என்று சொல்ல ஒரு கமிஷன் அமைத்தார். அந்த விலைக்கு வாங்க இந்திய உணவுக் கழகம், அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு 2020–21இல் டில்லி எல்லையில் டிராக்டரோடு நின்ற விவசாயி, சி.எஸ். வைத்த ஏற்பாட்டைப் பறிக்காதே என்றுதான் கேட்டார். சி.எஸ்.ஸைத் துரோகி என்கிற அதே மேடை அந்தப் போராட்டத்துக்கும் வாழ்த்துச் சொன்னது!

சிறுதானியத்தைக் கொன்றார் என்கிறார்கள். அன்றைய உயர் விளைச்சல் திட்டத்தில் நெல், கோதுமையோடு மக்காச்சோளம், சோளம், கம்பு மூன்றும் இருந்தன. வீரிய ஒட்டுச் சோளம் சி.எஸ்.எச். 1, கம்பு எச்.பி. 1 எல்லாம் அந்த வருடங்களில் வந்தவையே. ஆனால் கொள்முதல் என்று வந்தபோது அரசு வாங்கியது நெல்லையும் கோதுமையையும். கம்பும் கேழ்வரகும் துவரையும் விளைவித்தவனுக்கு விலை காகிதத்தில் இருந்தது. மானாவாரிக்காரனை விட்டுவிட்டுப் பாசனப் பூமியில் மொத்தச் சக்தியையும் இறக்கினார்கள். இதுதான் இயற்கை விவசாயத்துக்காகப் பேசிய நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது கண்டது, வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து சொன்னது. கரிசல் சம்சாரிக்கு விலை கொடுத்து இடுபொருள் வாங்கு என்று சொல்வதில் இருந்த அபத்தத்தை அவர் சரியாகவே பிடித்தார். அவருடைய அந்த விமர்சனம் வேறு, அவர் பெயரைச் சொல்லி ஓடுகிற விஷக் கதை வேறு.

அதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு, மரபு விதை மேடையில் அது அதிகம் கேட்பதில்லை. விளைந்தது யாருக்குப் போயிற்று? கீழத் தஞ்சையில் குறுவை பெருகியது, மிராசுதாரின் பத்தாயம் நிரம்பியது, அறுத்தவர் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். புதிய விதை அந்தத் தீயை வைக்கவில்லை, ஆனால் நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே புதிய பணமும் போய்ச் சேர்ந்தது. 1961இல் சென்னை மாநிலம் நில உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்தபோது சி.எஸ். அந்த அமைச்சரவையில் இருந்தவர். 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்துவிட்டு விதிவிலக்குகளில் ஓட்டை போட்ட சட்டம். உற்பத்தியைப் பெருக்குவதில் காட்டிய பிடிவாதத்தில் கால்வாசியைக்கூட அவர் நிலத்தில் காட்டவில்லை. அவரைக் கூண்டில் நிறுத்த விரும்புகிறவர்களுக்கு இதோ ஒரு நல்ல வழக்கு.

தலையாட்டி மந்திரி என்பதற்கு மட்டும் 1965 சாட்சி சொல்லாது. அந்த வருடம் பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு எரிந்தபோது, விதைக்கும் விலைக்கும் அமைச்சரவையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே மனிதர், ஓ.வி. அழகேசனோடு சேர்ந்து ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி வானொலியில் உறுதி கொடுத்த பிறகே கடிதங்கள் திரும்பின. நாடகம் என்றார்கள் எதிரிகள். இருக்கட்டும், நாடகத்துக்காவது கடிதம் கொடுத்தவர் மத்திய அமைச்சரவையில் இருவர்தான். இரண்டு வருடம் கழித்து, மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. அரிசியை முன்வைத்துப் போட்டியிட்ட 1967 தேர்தலில், உணவு அமைச்சரே தோற்றார். மெக்ஸிகோ விதையின் முதல் பெரிய அறுவடை களத்துக்கு வந்தது அவர் பதவி போன அடுத்த வருடம்.

அவர் தலையாட்டியது பிறகு, அதன் வேர் மட்டும் பழையது. 1954இல் காமராஜரை எதிர்த்துச் சட்டமன்றக் கட்சித் தலைமைக்கு நின்று தோற்றவர், அடுத்து காமராஜரின் அமைச்சரவையிலேயே கல்வி அமைச்சராகி, ராஜாஜியின் பக்கத்திலிருந்து ஆதரித்துவந்த குலக்கல்வித் திட்டத்தைக் கைவிடுவதாகத் தானே அறிவித்தார். அமைச்சரவைக்குள் இருந்தால்தான் காரியம் நடக்கும் என்று நம்புகிற சுபாவம். அந்தச் சுபாவம் உணவு இலாகாவில் நாட்டுக்குப் பயன்பட்டது. 1975 ஜூனில், இந்திரா காந்தி அவசரநிலை அறிவித்த இரவு, சி.எஸ். நிதியமைச்சர். ஒரு லட்சம் பேருக்கு மேல் விசாரணை இல்லாமல் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகளில் தணிக்கை அதிகாரி உட்கார்ந்தார். 1965இல் மொழிக்காக எழுதிய மாதிரி ஒரு கடிதத்தை அவர் அப்போது எழுதவில்லை. 1977 மார்ச்சில் ஆட்சி போகும்வரை வரவு செலவுத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இருபத்தொரு மாதத்துக்கு அவர் சார்பில் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.